ஏரி ஒண்ணு, கணக்கு ரெண்டு: தடா, சூளூர்பேட்டைக்காரங்க கொஞ்சம் உதவுங்க

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். தமிழ்நாட்டுப் பக்கம், ஆரம்பாக்கத்துல இருந்து எழுதுறேன்.

பழவேற்காடு ஏரியில பெரும்பகுதி ஆந்திராவுலதான் இருக்கு. சீசன்ல பூநாரை பார்க்க ரெண்டு பக்கமும் வண்டி வண்டியா கூட்டம் வருது. 2011 டிசம்பர் 25-ல சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் போனதை எங்க ஆளுங்க இன்னும் மறக்கல. அதுக்கப்புறம் பழவேற்காட்டுல உல்லாசப் படகுக்குத் தடை. ஆந்திராவுல தடா பக்கம் பீமுனிவாரிபாலெத்துல படகு ஓடுது. ஒரே தண்ணி, ரெண்டு சட்டம்!

நாங்க நாலு பேர் ஞாயித்துக்கிழமைகள்ல கணக்கு எடுக்குறோம்: எத்தனை வேன், எத்தனை படகு, லைஃப் ஜாக்கெட் போட்டவங்க எத்தனை பேர், பிளாஸ்டிக் குப்பை எத்தனை மூட்டை. ஆனா எங்க பக்கத்துக் கணக்கு மட்டும் பாதிக் கணக்குதானே? அதே நாள், அதே நேரம் அந்தப் பக்கமும் எண்ண ரெண்டு பேர் வேணும். படிவத்தைத் தெலுங்குல எழுதித் தரவும் ஒருத்தர் வேணும் (எங்க தெலுங்கு டீக்கடை வரைக்கும்தான்). பறவைக் கூட்டத்துக்கு எவ்வளவு தள்ளிப் படகை நிறுத்தணும்னு தெரிஞ்சவங்களும் சொல்லுங்க. மோட்டார் சத்தத்துக்கே மொத்தமா எழும்பிடுது.

முடிஞ்சவங்க கீழ ஊர் பேரை மட்டும் போடுங்க, நானே பேசுறேன். வர்ற ஞாயிறு காலை 6 மணிக்கு ஆரம்பம்.