கல்லூரி முடித்ததும் நாஷ்வில் போகலாமா, இருக்கிற ஊரிலேயே வேர் விடலாமா?

வெண்கலத்தந்தி:
வருகிற மே மாதம் எனக்கு இசைப் பட்டப்படிப்பு முடிகிறது. கிட்டார் வாசிப்பேன், பாடுவேன், சொந்தமாகப் பாடல்கள் எழுதுகிறேன். கல்லூரி இருக்கும் இந்தச் சிறிய ஊரில் இரண்டு ஆண்டுகளாக வெள்ளிக்கிழமைதோறும் நான்கு பேர் கொண்ட குழுவாக வாசித்துவருகிறோம். எங்கள் டிரம்மர் ஜூன் மாதமே டென்னசி மாநிலத்தின் இசை நகரமான நாஷ்வில்லுக்குக் குடிபெயர்கிறான். என்னையும் வரச் சொல்கிறான். என் கிட்டார் ஆசிரியரோ லாஸ் ஏஞ்சலிஸ்தான் சரி என்கிறார். ஆறு மாத வாடகைக்கு ஆகிற அளவு சேமித்து வைத்திருக்கிறேன். அதை ஒரு தடவைதான் செலவழிக்க முடியும். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், எங்கே போவது?

நெடுவழிப்பாடகர்:
தம்பி, நாஷ்வில்லுக்குப் போங்கள். அங்கே ஏழு ஆண்டுகள் இருந்தவன் சொல்கிறேன்.

பாடல் எழுதுவது அந்த ஊரில் தச்சு வேலை மாதிரி ஒரு தொழில். இசை நிறுவனங்களும் ஒலிப்பதிவுக் கூடங்களும் நிறைந்த மியூசிக் ரோ பகுதியில் காலை பத்து, பதினொரு மணிக்கு இரண்டு மூன்று பேர் ஓர் அறையில் உட்காருவார்கள். மாலையில் எழும்போது கையில் ஒரு பாடல் இருக்கும். ஒருவர் ஒரே ஒரு வரி கொடுத்திருந்தாலும், அறையில் இருந்தவர்களுக்குப் பங்கு சமமாகப் பிரிவதே அங்கே பெரும்பாலும் வழக்கம். பாடல் எழுதியவர்களுக்காக ராயல்டி (உரிமைத்தொகை) வசூலிக்கும் ஆஸ்கேப், பிஎம்ஐ போன்ற அமைப்புகளின் அலுவலகங்களும் அதே ஊரில் இருக்கின்றன. வேறெங்கே இப்படி?

புளூபேர்ட் கஃபே பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1982-ல் தொடங்கிய இடம். சாதாரணக் கடை வரிசை ஒன்றுக்குள் இருக்கிறது, ஏறத்தாழ தொண்ணூறு பேர்தான் உட்கார முடியும். பாடலை எழுதியவர்கள் கூடத்தின் நடுவே வட்டமாக உட்கார்ந்து முறைவைத்துப் பாடுவார்கள். யாராவது பேசினால் பக்கத்து மேசைக்காரரே வாயில் விரல் வைத்து அடக்குவார். யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துப் பாடக்கூடிய திங்கட்கிழமைத் திறந்த மேடையில் என் முறை வந்தபோது, இரண்டாவது சரணத்தில் யாருடைய தம்ளரிலோ ஐஸ் கட்டி நகர்ந்த சத்தம் எனக்குக் கேட்டது. அதுவரை என் சொற்களை அவ்வளவு அமைதியில் யாரும் கேட்டதில்லை. இதற்காகவாவது நீங்கள் போக வேண்டும்.

கலவைமேசை:
நான் இதற்கு நேர் எதிர்க் கட்சி. பதினாறு ஆண்டுகளாக ஒலிப்பதிவு செய்பவன். பெரிய ஊர்களிலிருந்து கைக்காசு தீர்ந்து திரும்பி வந்தவர்களின் டெமோக்களை (மாதிரிப் பதிவுகளை) நிறையக் கேட்டிருக்கிறேன். வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். போகும்போது எழுதியவை நன்றாக இருக்கும். அங்கே இரண்டு வேலைக்கு நடுவில் எழுதியவற்றில் களைப்பு தெரியும்.

பாப் பாடகர் பிரின்ஸ் மினியாபொலிஸில் இருந்துகொண்டே பெரிய பெயர் எடுத்தார். 1987-ல் தன் ஒலிப்பதிவுக் கூடமான பெய்ஸ்லி பார்க்கைத் திறந்ததும் அதன் பக்கத்தில்தான். ஆர்.இ.எம். ராக் குழு 1980-ல் தொடங்கியது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸில், தம்பி இருப்பதைப் போன்ற ஒரு பல்கலைக்கழக ஊரில். இன்று அதுகூட வேண்டாம். பாடகி பில்லி ஐலிஷும் அண்ணனும் வீட்டுப் படுக்கையறையிலேயே பதிவு செய்தார்கள், 2015-ல் சவுண்ட்கிளவுட் இணையதளத்தில் ஏற்றினார்கள், உலகம் கேட்டது. வாரந்தோறும் மேடை கிடைக்கிற ஊரை விட்டுவிட்டு, வரிசையில் ஆயிரத்தோராவது ஆளாக ஏன் நிற்க வேண்டும்?

நெடுவழிப்பாடகர்:
அந்தப் படுக்கையறை எந்த ஊரில் இருந்தது என்பதையும் சொல்லுங்கள். லாஸ் ஏஞ்சலிஸில். பாடலை இணையத்தில் ஏற்றியது வீட்டிலிருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் பாடலைக் கேட்டுத் தேடி வருகிறவர்கள் அதே நகரத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாளே நேரில் சந்திக்க முடிகிறவருக்கும் விமான டிக்கெட் எடுத்து வர வேண்டியவருக்கும் வித்தியாசம் இருக்கிறது.

ஏதென்ஸ் என்றால் ஆர்.இ.எம்.முக்கு முன்னால் பி-52ஸ் குழு. அவர்களும் ஏதென்ஸ்காரர்கள்தான். 1977-ல் நியூயார்க்குக்குக் காரோட்டிப் போய் அங்கே வாசித்த பிறகுதான் வெளியே பெயர் தெரிந்தது. டெட்ராய்ட்டில் ஒரு வீட்டில் பிறந்து நாட்டையே ஆண்ட மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனம்கூட 1972-ல் லாஸ் ஏஞ்சலிஸுக்கு இடம்பெயர்ந்துவிட்டது.

மூன்றாம்விரல்:
இருவரும் ஊரைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள். தம்பி என்ன வேலை செய்யப்போகிறார் என்று யாரும் கேட்கவில்லையே?

நான் பாஸ் கிட்டார் வாசிப்பவள். நியூயார்க்கில் பிராட்வே இசை நாடகங்களில், மேடைக்கு முன்னால் வாத்தியக்காரர்கள் உட்காரும் குழியில் மாற்று ஆளாகத்தான் தொடங்கினேன். நிரந்தர வாசிப்பவருக்கு முடியாத நாளில் அவர் நம்மை அனுப்புவார். அதற்கு முன்பு ஓரிரு நாள் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்து, அவருடைய நோட்டுப் புத்தகத்தில் எங்கே இசை நடத்துநரைப் பார்க்க வேண்டும், எங்கே வாத்தியம் மாற்ற வேண்டும் என்றெல்லாம் குறித்துக்கொள்வேன். ஒத்திகை கிடையாது. என் முதல் வாசிப்பே டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கும் ஆயிரம் பேருக்கு முன்னால்தான். முதல் மாலையில் என் இடது கையின் மூன்றாவது விரல் மரத்துப்போனது, ஆனால் ஒரு சுரம்கூடத் தவறவில்லை. மறுவாரம் வேறொரு நாடகத்திலிருந்து அழைப்பு வந்தது. இந்தத் தொழில் ஏதென்ஸில் இல்லை, நாஷ்வில்லிலும் இந்த அளவில் இல்லை.

திரைப்படம், தொடர், வீடியோ விளையாட்டு ஆகியவற்றுக்கு இசையமைக்க ஆசை என்றால் லாஸ் ஏஞ்சலிஸ். அங்கே ஓர் இசையமைப்பாளரிடம் உதவியாளராகச் சேர்ந்து, இரவு முழுவதும் கோப்புகளை ஒழுங்குபடுத்துவதில்தான் தொடங்கும். இசைக்குறிப்பு நோட்டைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கிற வயலின்காரருக்கு லண்டன். தனக்காக எழுதிப் பாடுகிறவருக்கு வேறு கணக்கு. ஆகவே தம்பி, முதலில் இதைச் சொல்லுங்கள்: பிறருக்கு வாசிக்கவா, பிறர் பாட எழுதவா, நீங்களே பாடவா?

வெண்கலத்தந்தி:
நன்றி அக்கா. இந்தக் கேள்வியை நானே என்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. நானே பாட வேண்டும். முடித்த பாடல்கள் பதினொன்று இருக்கின்றன. அவற்றில் நான்கைத்தான் கேட்கிறவர்கள் மறுபடியும் பாடச் சொல்கிறார்கள். நோட்டுப் பார்த்து வாசிப்பேன், ஆனால் வேகம் போதாது.

கலவைமேசை அண்ணா, நீங்கள் சொன்னதில் ஒன்று என்னை உறுத்துகிறது. எங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டம் நூற்றைம்பது பேர் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். நேற்று உட்கார்ந்து யோசித்தேன். அதில் பாதிப் பேர் எங்கள் வகுப்பு, விடுதி, அவர்களின் நண்பர்கள். மே மாதம் அவர்களும் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நான் இந்த ஊரிலேயே இருந்தாலும் என் கூட்டம் இந்த ஊரில் இருக்காது.

கலவைமேசை:
சரியாகப் பிடித்தீர்கள். இதை நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். கல்லூரி ஊரின் கூட்டம் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கலைந்து புதிதாகக் கூடுவது.

அப்படியும் நாஷ்வில் என்று நான் முடிக்க மாட்டேன். மூன்று மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் இருக்கும் ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தோ ஆறோ இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஆறு வாரத்துக்கு ஒருமுறை போங்கள். முதல் தடவை பன்னிரண்டு பேர் வருவார்கள், நான்காம் தடவை நாற்பது பேர். அவர்கள் உங்கள் வகுப்புத் தோழர்கள் இல்லை, பாட்டுக்காக வந்தவர்கள். அதற்குப் பிறகு எந்தப் பெரிய ஊருக்குப் போனாலும் வெறுங்கையோடு போக மாட்டீர்கள்.

கண்ட்ரி இசைப் பாடகர் கார்த் புரூக்ஸ் 1985-ல் முதல்முறை நாஷ்வில் போனார். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஓக்லஹோமாவுக்குத் திரும்பிவிட்டார். ஊரில் மறுபடி மேடையேறி, 1987-ல்தான் திரும்பவும் போனார். மறு ஆண்டு புளூபேர்டில் பாடியதைக் கேட்டுக் கேப்பிட்டல் இசைத்தட்டு நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. முதல் தடவையும் இரண்டாம் தடவையும் ஊர் ஒன்றேதான். போன ஆள்தான் மாறியிருந்தார்.

நெடுவழிப்பாடகர்:
நல்ல உதாரணம், ஆனால் என் பக்கமும் அது சாய்கிறது. ஓக்லஹோமாவிலேயே இருந்திருந்தால் புளூபேர்ட் ஏது?

ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸைப் பாருங்கள். சியாட்டிலில் பிறந்தவர். ராணுவத்திலிருந்து வந்ததும் 1960-களின் தொடக்கத்தில் நாஷ்வில்லின் ஜெஃபர்சன் தெருவில் வாசித்தார். பிறகு பிறருக்குப் பின்னணி வாசித்தபடி ஊர் ஊராகச் சுற்றினார், நியூயார்க்கில் கஷ்டப்பட்டார். அங்கே ஒரு சிறு கூடத்தில் அவரைக் கேட்ட, அனிமல்ஸ் குழுவின் பாஸ் கிட்டார்காரர் சாஸ் சாண்ட்லர் 1966 செப்டம்பரில் லண்டனுக்கு அழைத்துப்போனார். சில வாரங்களில் சொந்தக் குழு, ஆண்டு முடிவதற்குள் முதல் இசைத்தட்டு. அதே விரல்கள், அதே கிட்டார். கேட்கிற காது வேறு ஊரில் இருந்தது. எங்கே அது இருக்கிறது என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது.

மூன்றாம்விரல்:
லண்டனில் அவருக்குப் பலித்ததற்கு முன்னால் நான்கு ஆண்டு பின்னணி வாசிப்பு இருக்கிறது, ஐயா. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமை.

தாளக்கட்டு:
புதிதாக வருகிறேன். நாஷ்வில் என்றால் எல்லோரும் புளூபேர்டைச் சொல்கிறீர்கள். அந்த ஊரிலேயே இருக்கும் பிராட்வே தெருவையும் (நியூயார்க்கின் பிராட்வே இல்லை) யாராவது சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தம்பியின் சேமிப்பு தீர்ந்ததும் அங்கேதான் போய் நிற்பார்.

நான் அங்கே நான்கு ஆண்டுகள் டிரம்ஸ் வாசித்தேன். காலையிலேயே மதுக்கூடங்களில் இசை தொடங்கி நள்ளிரவு தாண்டியும் ஓடும். ஒரு குழுவுக்கு நான்கு மணி நேர ஷிஃப்ட், பெரும்பாலும் இடைவேளை இல்லாமல். சுற்றுலாப் பயணிகள் கேட்கிற பிறர் பாடல்களை வாசிக்க வேண்டும், வருமானத்தில் பெரும்பங்கு டிப்ஸ் வாளியில் விழுவதுதான். ஒரு கூடத்தின் உரிமையாளர் எங்களுக்குப் பேசிய அடிப்படைச் சம்பளத்தை மூன்று வாரம் இழுத்தடித்துவிட்டுத் தரவே இல்லை. எழுத்தில் எதுவும் வாங்காததால் கேட்க வழி இல்லை. அந்த நான்கு ஆண்டுகளில் என் நண்பனின் சொந்தப் பாடலை மேடையில் எத்தனை தடவை வாசித்தோம் தெரியுமா? ஒரு தடவைகூட இல்லை.

கற்றுக்கொண்டதும் உண்டு, மறைக்கக் கூடாது. அங்கே கார்டுகளை, அதாவது சேர்த்து ஒலிக்கும் சுரக் கூட்டுகளை, பெயர் சொல்லி எழுதுவதில்லை, எண்ணால் எழுதுவார்கள். சி சுருதியில் சி, எஃப், ஜி என்பவை 1, 4, 5. பாடகிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, அரைக் கட்டை இறக்குங்கள் என்றால் தாளில் எதையும் மாற்ற வேண்டாம். எண்கள் அப்படியே நிற்கும், கை மட்டும் நகரும். 1950-களின் இறுதியில் ஜோர்டனேர்ஸ் என்ற பாடகர் குழுவின் நீல் மாத்யூஸ் கொண்டுவந்த முறை. முன்பின் கேட்டிராத பாடலை ஒரு துண்டுத் தாளைப் பார்த்து நால்வர் சேர்ந்து பிழையின்றி வாசிப்பதை முதல்முறை பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. ஆனால் அது வாத்தியக்காரருக்கான பள்ளிக்கூடம். பாடல் எழுதுகிறவர் அந்தத் தெருவில் மாட்டினால் எழுதுவதை நிறுத்திவிடுவார்.

நெடுவழிப்பாடகர்:
தாளக்கட்டு சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க மாட்டேன். அதனால்தான் நான் இசை சாராத காலை வேலை ஒன்றை வைத்துக்கொண்டேன். விடியற்காலை நான்கரைக்கு எழுந்து பேக்கரியில் மாவு பிசைந்தேன், பகல் பன்னிரண்டுக்கு விடுதலை. மாலை முழுவதும் என்னுடையது. வாரம் இரண்டு இரவு எழுத்தாளர் மேடைகள், அதாவது பாடல் எழுதியவர்களே பாடும் மேடைகள். தம்பி, சேமிப்பைத் தொடாமல் இருக்க ஒரே வழி, போய் இறங்கிய வாரத்திலேயே இப்படி ஒரு வேலையைத் தேடிக்கொள்வது. பிராட்வேக்குப் போக நேர்ந்தால் ஒரு கோடைக்காலம் மட்டும்.

கலவைமேசை:
மாவு பிசைவதை இங்கேயே செய்யலாமே. வாடகை குறைவான ஊரில் அதே வேலை வாரத்துக்கு இரண்டு நாள் மிச்சப்படுத்தும். அந்த இரண்டு நாளில்தான் பன்னிரண்டாவது பாடல் இருக்கிறது. பதினொன்றில் நான்குதான் தேறியது என்று அவரே சொல்கிறார். நான்கு பாடலை வைத்துக்கொண்டு வீட்டைக் காலி செய்யாதீர்கள் என்பதுதான் என் வாதம்.

வெண்கலத்தந்தி:
எல்லோருடைய பதிலையும் மூன்று முறை படித்தேன். மே வரை காத்திருக்கப்போவதில்லை. வீட்டையும் காலி செய்யப்போவதில்லை. மார்ச் மாதம் கல்லூரி விடுமுறையில் டிரம்மரின் அக்கா வீட்டில் பத்து நாள் தங்கிக்கொண்டு நாஷ்வில்லைப் பார்க்கிறேன். கிடைக்கிற எழுத்தாளர் மேடைகள் எல்லாவற்றிலும் பெயர் கொடுக்கிறேன். அந்த நான்கு பாடல்களை என்னைத் தெரியாதவர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். அதற்குப் பிறகு கலவைமேசை அண்ணா சொன்ன ஆறு ஊர்களா, பெட்டி கட்டுவதா என்று முடிவு செய்கிறேன்.

திறந்த மேடையில் ஓரிரு பாடலுக்குத்தான் நேரம் கிடைக்குமாம். வேகமானதைப் பாடவா, மெதுவானதையா?

கலவைமேசை:
பத்து நாள் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. வேகமானதைப் பாடுங்கள். உங்களுக்கு முன்னால் பாடிய இருபது பேரும் மெதுவானதைத்தான் பாடியிருப்பார்கள்.

நெடுவழிப்பாடகர்:
மெதுவானதை. சொற்களைக் கேட்பதற்கென்றே வந்து உட்கார்ந்திருக்கும் கூட்டம் அது. புதுத் தந்தி போட்டால் இரண்டு நாள் முன்னதாகப் போடுங்கள், மேடையில் சுருதி இறங்காமல் நிற்கும்.

வெண்கலத்தந்தி:
மெதுவானதையே பாடுகிறேன் ஐயா. அதன் கடைசிச் சரணத்தில் ஒரு சொல் மட்டும் ஓராண்டாகச் சரியாக உட்காரவில்லை. எங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் சத்தத்தோடு சத்தமாகப் போய்விடும் என்று விட்டுவைத்திருந்தேன். இன்றிரவு அதை எடுத்துக்கொண்டு உட்காருகிறேன்.