கற்பனைச் சமயத்தின் புனிதப் பொருள்: எல்லாம் அதனால் ஆனதென்றால் எது புனிதம்?

கதைத்தறி:
வணக்கம். நான் எழுதிவரும் நாவலில் ஒரு கற்பனைச் சமயம் வருகிறது. கதிரவன் தோன்றுவதற்கு முன்பே விண்வெளியில் இருந்த ஒரு பொருளை அதன் மக்கள் 'முதுதூள்' என்று அழைத்து வழிபடுகிறார்கள். நிலமும் உயிர்களும் அதிலிருந்தே உருவாயின என்பது அவர்களுடைய நம்பிக்கை. அப்படி எல்லாமே முதுதூள் என்றால், கருவறையில் வைத்திருக்கும் ஒரு பிடித் தூளுக்கும் காலடிப் புழுதிக்கும் என்ன வேறுபாடு? வேறுபாடு இல்லையென்றால் பூசாரிகளும் விலக்குகளும் எதற்கு? அறிவியலுக்கு முற்றிலும் புறம்பாக எழுதவும் எனக்கு மனமில்லை.

வான்நோக்கி:
உங்கள் கற்பனைக்கு நிகரான பொருள் உண்மையிலேயே இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் என்ற ஊரில் 1969 செப்டம்பர் 28 அன்று விழுந்த விண்கல்லில் சிலிக்கான் கார்பைடு என்ற கனிமத்தின் துகள்கள் கிடைத்தன. அவற்றுள் மிகப் பழையவை ஏறத்தாழ 700 கோடி ஆண்டுகள் பழமையானவை என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. கதிரவனின் வயது சுமார் 460 கோடி ஆண்டுகளே. ஆனால் அத்துகள்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. கல்லைப் பொடித்து அமிலத்தில் கரைத்துத்தான் அவற்றைப் பிரித்தெடுக்கிறார்கள். ஆகவே உங்கள் மக்களிடம் ஆய்வுக்கூடம் இல்லையென்றால், அவர்கள் தூளை அறிந்திருக்க வழியில்லை. வானிலிருந்து கல் விழுந்ததை மட்டுமே கண்டிருப்பார்கள்.

பழங்கல்:
மேலே உள்ள கருத்தோடு உடன்படுகிறேன். வரலாற்றிலும் விழுந்த நிகழ்வே புனிதத்தைத் தந்திருக்கிறது. கார்த்தேஜின் தளபதி ஹன்னிபாலுடனான போர் நடந்துகொண்டிருந்த கி.மு. 204இல், வானிலிருந்து விழுந்ததாகக் கருதப்பட்ட சிபெலே தேவியின் கல்லை ரோமானியர்கள் சின்ன ஆசியாவிலிருந்து (இன்றைய துருக்கி) தங்கள் நகருக்குக் கொண்டுவந்தார்கள். சிரியாவின் எமெசா நகரில் வழிபடப்பட்ட கருங்கல்லை ரோமப் பேரரசன் எலகாபலஸ் ரோமுக்குக் கொண்டுவந்து மற்றத் தெய்வங்களுக்கு மேலாக வைத்தான். 222இல் அவன் கொல்லப்பட்டபின் அந்தக் கல் திருப்பி அனுப்பப்பட்டது. கல் அதே கல்தான். அதைத் தாங்கிய அதிகாரம் போனதும் அதன் இடமும் போயிற்று.

நாவலுக்கு இதைவிட வளமானது இரும்பின் கதை என்பேன். தாதுவை உருக்கத் தெரியாத காலத்தில் மனிதர் கையில் இருந்த இரும்பெல்லாம் பெரும்பாலும் வானிலிருந்து வந்ததே. பண்டை எகிப்திய மன்னன் துட்டன்காமன் கல்லறையில் கிடைத்த குத்துவாள் விண்கல் இரும்பால் ஆனது என்பதை அதிலுள்ள நிக்கல், கோபால்ட்டு அளவுகளைக்கொண்டு 2016இல் உறுதிப்படுத்தினார்கள். இனி உங்கள் சமயத்தை எண்ணிப்பாருங்கள்: வானம் மட்டுமே தரும் என்று தலைமுறைகளாக நம்பிய பொருளை, ஒருநாள் ஒரு கொல்லன் செம்மண்ணிலிருந்து உருக்கி எடுத்துவிடுகிறான். அவன் தெய்வநிந்தனை செய்தவனா, அல்லது தெய்வம் எங்கும் இருக்கிறது என்பதை மெய்ப்பித்தவனா? உங்கள் கேள்வியை ஆசிரியராக நீங்கள் தீர்த்துவைக்க வேண்டியதில்லை. அந்த மக்களே அதற்காகப் பிளவுபடட்டும்.

கதைத்தறி:
மிக்க நன்றி. தூளுக்குப் பதிலாக உலோகத்தையே வைத்துக்கொள்கிறேன். ஆனால் பூசாரிகளின் தரப்பு வெறும் பிடிவாதமாகத் தெரியக்கூடாது. வான இரும்பையும் மண் இரும்பையும் அவர்கள் வேறுபடுத்திக் காட்ட, கண்ணால் காணக்கூடிய சான்று ஏதும் உண்டா?

வான்நோக்கி:
உண்டு. பல இரும்பு விண்கற்களை அறுத்து, மெருகேற்றி, அமிலம் தடவினால் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் பட்டைகள் தோன்றும். விட்மன்ஸ்டாட்டன் கோலம் என்பது அதன் பெயர். நிக்கல் கலந்த இரும்பு பல இலட்சம் ஆண்டுகளாக மிக மெல்லக் குளிர்ந்ததால் உண்டான அமைப்பு அது. எந்த உலையாலும் அதை உருவாக்க முடியாது. அதோடு, அந்த இரும்பை உலையிலிட்டு நன்கு காய்ச்சினால் கோலம் அழிந்துவிடும். எனவே 'வான இரும்பைத் தீயில் இடாதே' என்பதையே உங்கள் சமயத்தின் முதல் விலக்காக வைக்கலாம். எல்லாம் ஒரே பொருளால் ஆனவைதாம் என்று பூசாரிகளும் தயங்காமல் ஒப்புக்கொள்ளலாம். அவர்கள் காப்பது பொருளை அன்று, அதில் பதிந்த கோலத்தை.