புல்தரையில் கிராப்கிராஸ், வருஷா வருஷம் திரும்ப வருகிறது. என்ன செய்வது?

கேள்வி:
வீட்டு முன்னால் இருக்கும் புல்தரையில் கிராப்கிராஸ் என்கிற களைப்புல் வந்துவிட்டது. முதலில் நடைபாதை ஓரத்தில் மட்டும் இருந்தது, கோடை பாதி முடிவதற்குள் நடுவரைக்கும் பரவி, ஒவ்வொரு செடியும் தட்டு அகலத்துக்குத் தரையோடு படுத்துக் கிடக்கிறது. பிடுங்கினால் பக்கத்தில் வேறொன்று முளைக்கிறது. முளைக்கவிடாமல் தடுக்கும் களைக்கொல்லி கடையில் இருக்கிறதே, அதை இப்போது போட்டால் இந்தச் செடிகள் சாகுமா? குழந்தைகள் விளையாடுகிற இடம், அதனால் மருந்தைக் குறைக்க முடிந்தால் நல்லது.

பதில் 1:
இப்போது அதை வாங்காதீர்கள். புரோடயமைன், பெண்டிமெத்தலின் போன்ற தடுப்பு மருந்துகள் முளைவிடும் விதையின் வேரை வளரவிடாமல் தடுப்பவை, வளர்ந்து நிற்கும் செடியை ஒன்றும் செய்யாது. கிராப்கிராஸ் ஒரே பருவத்துச் செடி, முதல் உறைபனியோடு தானே செத்துவிடும். ஆனால் அதற்குள் விதை கொட்டிவிடும், நன்றாக வளர்ந்த ஒரு செடி ஒரு லட்சத்துக்கும் மேல் விதை போடக்கூடியது, அந்த விதை மண்ணில் சில வருஷம் உயிரோடு கிடக்கும். அதனால் இப்போது உங்கள் வேலை, விரல் விரித்த மாதிரிக் கதிர் வருவதற்குள் பிடுங்குவது. மண் ஈரமாக இருக்கும்போது பிடுங்குங்கள், படுத்த தண்டின் கணுவிலும் வேர்விடும் என்பதால் அதையும் சேர்த்து எடுங்கள்.

தடுப்பு மருந்துக்கு நேரம் அடுத்த வசந்தம். 5 செ.மீ. ஆழத்தில் மண்ணின் வெப்பம் சில நாள் தொடர்ந்து சுமார் 13 டிகிரி செல்சியஸ் இருந்தால் கிராப்கிராஸ் முளைக்க ஆரம்பித்துவிடும், அதற்கு முன்னாலேயே போட்டு, உடனே தண்ணீர் விட்டு மண்ணில் இறக்கவேண்டும். நடைபாதை ஓரம் சீக்கிரம் சூடாகும், அங்கே முதலில் வந்ததற்குக் காரணமும் அதுதான்.

பதில் 2:
மேலே சொன்னது சரிதான், ஆனால் என்னைக் கேட்டால் மருந்தைவிட வெட்டும் உயரம்தான் முக்கியம், இதை யாரும் கண்டுகொள்வதே இல்லை. வெயில் நேராக மண்ணில் படும் இடத்தில்தான் இது செழிக்கும். ஒட்ட வெட்டினால் நீங்களே அதற்கு இடம் விடுகிறீர்கள். ஃபெஸ்க்யூ, புளூகிராஸ் மாதிரிக் குளிர்ப்பகுதிப் புல் என்றால் 7 முதல் 9 செ.மீ. வரை விட்டு வெட்டுங்கள், ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கவேண்டாம். அப்புறம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதை நிறுத்துங்கள், மேல்மண் எப்போதும் ஈரமாக இருந்தால் களை விதைக்குத்தான் வசதி. வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை ஆழமாக இறங்கும்படி விட்டால் போதும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. புல் ஃபெஸ்க்யூதான். பிடுங்கிய இடமெல்லாம் மொட்டையாக இருக்கிறது, வசந்தத்தில் தடுப்பு மருந்தும் போட்டு புல் விதையும் தூவலாமா?

பதில் 3:
கூடாது, பெரும்பாலான தடுப்பு மருந்து உங்கள் புல் விதையையும் முளைக்கவிடாது. மெசோட்ரையோன் ஒரு விலக்கு, பல வகைப் புல்லுக்கு விதைக்கும்போதே போடலாம், லேபிளில் உங்கள் புல்லின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்களுக்கு அதுகூடத் தேவைப்படாது. இலையுதிர்காலத் தொடக்கத்தில் மொட்டை இடங்களில் தூவுங்கள், அப்போது புதிதாகக் கிராப்கிராஸ் முளைப்பது அனேகமாக நின்றிருக்கும், ஃபெஸ்க்யூவுக்கும் அதுதான் நல்ல பருவம். வசந்தத்துக்குள் தரை மூடிவிட்டால் நடைபாதை ஓரத்தில் மட்டும் ஒரு பட்டையாக மருந்து போட்டால் போதும். குழந்தைகளை லேபிளில் சொன்ன நேரம்வரை உள்ளே விடாதீர்கள்.