வன்னியின் பழைய இரும்பும் மின்வில் உலையும்: மண்ணுக்கு இலாபமா, நட்டமா?

மாங்குளம் வாசி:
ஏ9 வீதியால் தெற்கு நோக்கிப் போகும் பழைய இரும்பு லொறிகளைக் காணும்போதெல்லாம் எழும் கேள்வியை இங்கே வைக்கின்றேன். போர் முடிந்த 2009 முதல் எரிந்த வாகனங்களும் தற்காலிகக் கொட்டில்களின் துருவேறிய தகரங்களும் இந்த மண்ணிலிருந்து பொறுக்கி அனுப்பப்படுகின்றன. வீடு கட்டுவதற்கான கம்பியையோ நாம் வெளியிலிருந்து வாங்குகின்றோம். மாங்குளத்திலும் பரந்தனிலும் கைத்தொழில் வலயங்கள் பற்றிப் பேசப்படும் இக்காலத்தில், பழைய இரும்பை உருக்கும் மின்வில் உலை ஒன்று இங்கேயே அமைந்தால் சுற்றாடலுக்கு என்ன நேரும்? எழுதுபவர்கள் கணக்கோடு எழுதுமாறு கேட்டுக்கொள்கின்றேன்.

உலைக்களம்:
உருக்குத் தொழிற்சாலைகளில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் நான் இதனை ஆதரிக்கின்றேன். தாதுவிலிருந்து, கற்கரியைக் கொண்டு தாதை இரும்பாக்கும் ஊதுலை வழியாக ஒரு தொன் உருக்கைச் செய்ய ஏறத்தாழ 1.4 தொன் இரும்புத் தாதும் 780 கிலோ நிலக்கரியும் 270 கிலோ சுண்ணக்கல்லும் செலவாகின்றன. அந்த ஒரு தொன்னுக்காக ஏறத்தாழ 2.3 தொன் காபனீரொட்சைட்டு வளிமண்டலத்தில் சேர்கின்றது. பழைய இரும்பை உருக்கும் மின்வில் உலையில் தாதும் இல்லை, தாதை இரும்பாக்கும் கற்கரியும் இல்லை. பென்சிற்கரி மின்வாய்களுக்கும் இரும்புக்கும் இடையே எழும் மின்வில்லின் வெப்பமே அதனை 1,600 பாகை செல்சியஸ் அளவில் உருகச் செய்கின்றது. மின்னுற்பத்தியின் புகையையும் சேர்த்துப் பார்த்தால்கூட உலகச் சராசரி தொன்னுக்கு 0.7 தொன் அளவிலேயே நிற்கின்றது. மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான இந்த அளவை அறிந்த பின்னும் எதிர்ப்பதற்குக் காரணம் வேண்டும்.

பாலியாறு:
அந்த மின்சாரம் எங்கிருந்து வரும் என்பதே என் கேள்வி. ஒரு தொன் உருக்குவதற்கு 400 முதல் 600 அலகு வரை மின்சாரம் தேவை. மாதம் 90 அலகு பாவிக்கும் வீடொன்றுக்கு 500 அலகு ஐந்தரை மாதத்துக்குப் போதும். நம் நாட்டின் மிகப்பெரிய மின்நிலையம் நுரைச்சோலையில் நிலக்கரியில் இயங்கும் 900 மெகாவாற்று நிலையம்தான். மன்னாரில் காற்றாலைகள் சுழல்வது உண்மை. ஆனால் காற்று ஓய்ந்த இரவில் உலை ஓயாது.

உலைக்களம்:
முழு மின்சாரமும் நிலக்கரியிலிருந்தே வருகின்றது என்று வைத்துக்கொள்வோம். நிலக்கரி மின்சாரத்தில் ஓர் அலகுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறும். 500 அலகுக்கு அரைத் தொன். உலையில் இடும் கரியையும் சுண்ணாம்பையும் சேர்த்தாலும் ஊதுலையின் கணக்கை அது எட்டாது. உங்கள் ஐயத்தில் வேறொரு நியாயம் உண்டு என்பதையும் நானே சொல்லிவிடுகின்றேன். மின்வில் நிலையாக எரிவதில்லை. வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வழியாகச் சுன்னாகம் செல்லும் 132 கிலோவோல்ற்று வழித்தடத்தில் இத்தகைய சுமையை ஏற்றினால், மின்னழுத்த ஏற்ற இறக்கத்தை ஈடுசெய்யும் கருவிகள் இல்லாத நிலையில், சுற்றியுள்ள வீடுகளின் விளக்குகள் துடிக்கும். அக்கருவிகளின் செலவைத் தொழிற்சாலையே ஏற்க வேண்டும்.

முத்தையன்கட்டுக் கமக்காரன்:
தம்பி, நீங்கள் வானத்துக்குப் போகும் புகையின் கணக்கைச் சொல்கின்றீர்கள். நான் கேட்பது வயலில் விழும் தூசின் கணக்கு. மின்வில் உலையில் ஒரு தொன் உருக்குக்கு 15 முதல் 20 கிலோ வரை தூசு பிடிபடுகின்றது என்று தொழில்நூல்களே சொல்கின்றன. நாளொன்றுக்கு 100 தொன் உருக்கும் சிறிய ஆலையிலும் அது ஒன்றரை முதல் இரண்டு தொன். ஆண்டுக்கு 300 நாள் என்று கொண்டால் 450 முதல் 600 தொன். அது சாம்பலன்று. நாகம் (துத்தநாகம்) பூசிய தகரத்தை உருக்கும்போது நாகம் ஆவியாகித் தூசோடு போகின்றது. பழைய பூச்சுகளிலும் உதிரிப்பாகங்களிலும் இருந்த ஈயமும் கட்மியமும் குரோமியமும் அதனோடு சேர்கின்றன. அமெரிக்கச் சுற்றாடல் சட்டம் இந்தத் தூசை ஆபத்தான கழிவு என்று பெயர் சொல்லிப் பட்டியலிட்டிருக்கின்றது. மீள்குடியேறியபோது எங்கள் தலைக்கு மேல் இருந்த தகரங்களே இப்போது கடைக்குப் போகின்றன என்பதால், நம் ஊர் இரும்பில் நாகம் குறைவாக இருக்கும் என்று யாரும் ஆறுதல் கொள்ள முடியாது.

மாங்குளத்தில் உலை வைத்தால், தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று வீசும் மாதங்களில் அதன் புகை ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டுப் பக்கமாகவே வரும். மழைக் காலத்தில் முற்றத்தில் சிந்திய தூசைக் கழுவும் நீர் கனகராயன் ஆற்றில் இறங்கி இரணைமடுவுக்குப் போகும். அக்குளத்தின் கீழ்க் காலபோகமும் சிறுபோகமும் விதைக்கும் குடும்பங்களுக்கு, உலகச் சராசரியில் ஒன்றரைத் தொன் புகை குறைந்தது என்ற செய்தியால் என்ன பயன்? கட்மியம் நெல்மணிக்குள் ஏறக்கூடிய உலோகம் என்பதை மறக்க வேண்டாம்.

உலைக்களம்:
ஐயா, நீங்கள் சொன்ன அளவுகள் சரியானவை. ஆனால் அவை வடிகட்டியில் பிடிபடும் தூசின் அளவுகள். வயலில் விழும் தூசின் அளவுகள் அல்ல. உலையின் கூரையிலிருந்தும் கொட்டகையின் முகட்டிலிருந்தும் புகையை உறிஞ்சித் துணிப்பை வடிகட்டிகளுக்குள் செலுத்தினால் அதன் மிகப் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். பிளாஸ்திக்கும் எண்ணெயும் ஒட்டிய இரும்பிலிருந்து உருவாகும் டயொக்சின் என்னும் நச்சுப்பொருள்தான் கூடுதல் கவலைக்குரியது. புகை 450 பாகையிலிருந்து 250 பாகை வரை மெதுவாகக் குளிர்ந்தால் அது மீண்டும் உருவாகும் என்பதால், புகையைச் சட்டென்று குளிரச் செய்து, தூளாக்கிய கரியைத் தூவி அதனைப் பிடிக்கின்றார்கள். சேர்ந்த தூசைச் சுழல் சூளையில் இட்டு நாகத்தை மீட்கும் முறையும் நெடுங்காலமாக உண்டு.

தொன்னுக்கு 100 கிலோவுக்கு மேல் வரும் கசடு, பரிசோதித்த பின் வீதிக்கு அடித்தளமாகப் போகக்கூடியது. கிரவலுக்காக நம் காடுகளைத் தோண்டுவதைப் பார்த்து வேதனைப்படுபவர்கள் இதனையும் எண்ண வேண்டும்.

விஞ்ஞான ஆசிரியை:
வடிகட்டி உண்டு என்பதும், அது ஒவ்வோர் இரவும் இயங்குகின்றது என்பதும் இரு வேறு செய்திகள். சுன்னாகத்தில் மின்நிலைய எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2019இல் 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அந்நிலையம் இயங்கிய காலத்திலும் நம் நாட்டில் 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டம் இருந்தது; அனுமதிகளும் அதிகாரிகளும் இருந்தனர். தீர்ப்பு வருவதற்கு முன் எத்தனை பிள்ளைகள் போத்தல் தண்ணீருடன் பள்ளிக்கூடம் வந்தார்கள் என்பதை நான் பார்த்திருக்கின்றேன். ஆகவே தொழில்நுட்பம் நல்லது என்ற வாதம் எனக்குப் போதுமானதாக இல்லை.

பாலியாறு:
மீட்ட நாகத்தைப் பற்றி எழுதியவர், அந்தச் சுழல் சூளை எந்த ஊரில் இருக்கும் என்று எழுதவில்லை. ஆபத்தான கழிவை வெளிநாட்டுக்கு ஏற்ற வேண்டுமானால் பாசல் சமவாயத்தின்படி ஏற்கும் நாட்டின் முன் சம்மதம் வேண்டும். அது கிடைக்கும் வரை 600 தொன் தூசு எந்தக் கொட்டகையில் கிடக்கும்?

மிதிவெடிக் களத்தவன்:
நான் கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்தவன். வன்னி இரும்பில், போர் காணாத ஊர்களின் இரும்பில் இல்லாத ஓர் ஆபத்து இருக்கின்றது. வெடிக்காத எறிகணையும் மூடிய குழாயும் துருவேறிய பின் ஒன்றுபோலவே தோன்றும். பொறுக்குபவர் தப்பினாலும், தரம் பிரிப்பவர் கண்ணில் அது படாவிட்டால் உலைவாயில் நிற்பவர் தப்பமாட்டார். நீர் அடைபட்ட வெறுங்குழாய்கூட உருகிய இரும்புக்குள் வெடிக்கும்.

கதிரியக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். 1998இல் ஸ்பெயினின் தெற்கில் ஓர் உருக்காலையில் பழைய இரும்போடு சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் தெரியாமல் உருக்கப்பட்டது. அதன் தடயம் பிரான்சு, சுவிற்சர்லாந்து, இத்தாலி வரை காற்றில் அளவிடப்பட்டது. வாயிலில் கதிரியக்க உணர்கருவியும், இரும்பை ஒவ்வொன்றாகப் பார்க்கும் பயிற்சி பெற்ற கண்களும் இல்லாத ஆலைக்கு நான் ஒருபோதும் சம்மதிக்கமாட்டேன்.

உலைக்களம்:
இவ்விரண்டையும் மறுப்பதற்கில்லை, முதற்பதிவிலேயே நான் எழுதியிருக்க வேண்டியவை. தூசை எங்கே வைப்பது என்பதற்கும் என்னிடம் இன்று விடையில்லை, அக்கேள்வி தீராமல் அடிக்கல் நாட்டுவதை நானும் எதிர்ப்பேன். ஆயினும் ஒன்றைக் கேட்கின்றேன். நம் தகரம் லொறியேறிப் போனதும் அதன் நாகமும் ஈயமும் மறைந்துவிடுவதில்லை. அவை வேறோர் ஊரின் உலையில் ஆவியாகி, வேறொரு கமக்காரரின் வயலருகே போகின்றன. அங்கே வடிகட்டி இருக்கின்றதா என்று நாம் இதுவரை கேட்டதுண்டா?

முத்தையன்கட்டுக் கமக்காரன்:
கேட்டதில்லை, தம்பி. இரும்பை விற்ற காசை எண்ணியபோது அந்த எண்ணம் எனக்கு வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கின்றேன். அதற்காக, கேட்காமல் இருந்தவர்கள் எல்லோரும் தூசை வாங்கிக்கொள்ள வேண்டும் என்றாகாது. எந்த ஆலை வருவதற்கும் ஓராண்டு முன்னரே, சோழகத் திசையிலுள்ள கிணறுகளிலும் கனகராயன் ஆற்றிலும் வயல் மண்ணிலும் ஈயம், கட்மியம், நாகம் எவ்வளவு என்று அளந்து, அந்த அளவுகளைக் கமக்காரர் அமைப்பின் கையில் எழுத்தில் தர வேண்டும். சுன்னாகத்து மக்களிடம் முன்னைய அளவு இருந்திருந்தால் அவர்கள் அவ்வளவு காலம் வாதாட நேர்ந்திராது. வருகின்ற காலபோகக் கூட்டத்தில் இதனை எழுத்தில் முன்வைக்கப் போகின்றேன். எந்தெந்த உலோகங்களை, எந்தெந்த மாதங்களில் அளக்க வேண்டும் என்ற பட்டியலை நீங்களும் ஆசிரியையும் சேர்ந்து எழுதித் தந்தால் அதனையும் இணைத்துக்கொள்வேன்.

விஞ்ஞான ஆசிரியை:
எழுதித் தருகின்றேன், ஐயா. கிணறுகளைக் கோடையின் முடிவில் ஒரு முறையும் மழை ஓய்ந்த பின் ஒரு முறையும் அளக்க வேண்டும்.