புதுப்பிப்பு: எங்கள் கடையின் மது லைசென்ஸ் வழக்கு

லண்டனில் எங்கள் சின்னப் பலசரக்குக் கடைக்கு மது லைசென்ஸ் தர கவுன்சில் மறுத்ததை முன்பு எழுதியிருந்தேன். தெருவில் ஏற்கெனவே மதுக்கடைகள் அதிகமாம், அதுதான் காரணம்.

2003 லைசென்ஸிங் சட்டப்படி மறுப்புக் கடிதம் வந்த 21 நாளுக்குள் நீதவான் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். போனோம். விசாரணைக்கு முன்பே, லைசென்ஸை எதிர்த்த பொலிஸார் கொஞ்சம் இறங்கி வந்தார்கள், நிபந்தனைகளோடுதான்: ஆல்கஹால் 6.5 சதவீதத்துக்கு மேற்பட்ட பியர், சைடர் (ஆப்பிள் மது) கூடாது. சிசிடிவி பதிவை 31 நாள் வைத்திருக்க வேண்டும். ஒற்றைக் கேன் விற்கவே கூடாது. இதுதான் வயிற்றில் அடி. வேலை முடிந்து வருகிறவர்கள் கேட்பதே அந்த ஒரு கேனைத்தான். சரி என்றுவிட்டோம்.

கவுன்சிலும் சம்மதித்து, சமரச உத்தரவு (இரு தரப்பும் ஒத்துக்கொண்ட தீர்வு) நீதிமன்றத்தின் ஒப்புதலுக்காகக் கிடக்கிறது. செலவு அவரவர் பாடு. வக்கீல் பில்லைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.