ஹார்ட்னஸ், ஸ்ட்ரெங்த், டஃப்னஸ், ஸ்டிஃப்னஸ்: நாலும் ஒன்றுதானே?

டிப்ளமோ_மெக்: வணக்கம். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் இரண்டாம் வருடம் படிக்கிறேன். மெட்டீரியல்ஸ் பாடத்தில் முதல் அலகே பொருட்களை வகைப்படுத்துவதுதான். உலோகம், பாலிமர், செராமிக், காம்போசிட் என்று நாலு வகை. அப்புறம் மெக்கானிக்கல், தெர்மல், எலெக்ட்ரிக்கல் என்று குணங்களின் பட்டியல். பரீட்சையில் எழுதிவிடுவேன். ஆனால் தலைப்பில் இருக்கிற நாலையும் தமிழில் யோசித்தால் எனக்கு 'உறுதி' என்ற ஒரே சொல்தான் வருகிறது. வார்ப்பிரும்பு கெட்டியானதுதானே, பிறகு ஏன் சுத்தியலால் அடித்தால் உடைகிறது என்று கேட்டேன். "அது பிரிட்டில் மெட்டீரியல், வளையாமல் சட்டென்று உடையும்" என்றார்கள். அது பெயர்தானே, காரணம் இல்லையே? தினமும் இரும்போடு பழகுகிறவர்கள் எப்படிப் பிரித்துப் பார்க்கிறீர்கள்?

கோவை_லேத்: தம்பி, நான் கோயம்புத்தூரில் 26 வருடமாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப் ஷாஃப்ட், புஷ், புல்லி, இதெல்லாம்தான் என் வேலை. உங்க கேள்விக்கான பதிலை எனக்குச் சொல்லிக்கொடுத்தது உடைந்துபோன ஒரு ஷாஃப்ட்.

பட்டறை ஆரம்பித்த இரண்டாவது வருடம். ஒரு விவசாயி தேய்ந்த ஷாஃப்ட்டைக் கொண்டுவந்து, "பேரிங் உட்கார்ற எடம் தேஞ்சுக்கிட்டே இருக்குதுங்க, இன்னும் கெட்டியாப் பண்ணிக் குடுங்க" என்றார். 40 மி.மீ. இஎன்8 (நடுத்தர கார்பன் ஸ்டீல்) ராடில் கடைந்தேன். உலையில் நன்றாகச் சிவக்கவிட்டுத் தண்ணீரில் தோய்த்தேன். ஆறியபின் அரத்தை வைத்து இழுத்தால், கண்ணாடி மேல் வழுக்குவதுபோல் வழுக்கியது. ஒரு பிசிறுகூட எடுக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு. தோய்த்ததைத் திரும்பச் சூடாக்கி டெம்பர் செய்ய வேண்டும் என்பது தெரியும். ஆனால் செய்தால் அந்தக் கெட்டி இறங்கிவிடுமே என்று விட்டுவிட்டேன்.

11 நாளில் ஷாஃப்ட் திரும்பி வந்தது, கீவே (புல்லியைப் பூட்டும் சாவி உட்காரும் பள்ளம்) மூலையில் இரண்டு துண்டாக. உடைந்த முகத்தைப் பார்த்தேன். எங்கும் வளைவு இல்லை, இழுபட்ட தடம் இல்லை. கல்லுப்பை உடைத்ததுபோல் பொடிப்பொடியாக மின்னியது. இரண்டு துண்டையும் ஒட்டவைத்தால் தலைமுடி அளவு கோடு மட்டும்தான் தெரிந்தது. அந்த மனுசனுக்கு அந்த வாரம் தண்ணீர் பாயவில்லை. அது இன்னும் என் மனதில் இருக்கிறது.

அவர் கேட்டது ஹார்ட்னஸ். அதாவது மேற்பரப்பைக் கீறினாலோ அழுத்தினாலோ பள்ளம் விழக்கூடாது. நான் கொடுத்ததும் அதுதான். ஆனால் மோட்டார் ஒவ்வொரு முறை ஸ்டார்ட் ஆகும்போதும் ஷாஃப்ட்டுக்கு ஒரு உதை விழும். அந்த உதையை உடையாமல் உள்வாங்கிக்கொள்வது டஃப்னஸ். ஒன்றை ஏற்றப்போய் மற்றதை அழித்துவிட்டேன். இன்றைக்கு அதே வேலை வந்தால் 550 முதல் 660 டிகிரிக்குள் டெம்பர் செய்துவிட்டு, பேரிங் உட்காரும் இடத்துக்கு மட்டும் இண்டக்‌ஷன் ஹார்டனிங் (மின்காந்தத்தால் மேல்தோலை மட்டும் சூடாக்கித் தோய்ப்பது) கொடுக்கச் சொல்வேன். தோல் கெட்டி, உள்ளே இளக்கம்.

ஸ்ட்ரெங்த் என்பது எவ்வளவு பாரத்தில் நிரந்தரமாக வளையும் அல்லது அறும் என்ற கணக்கு. ஸ்டிஃப்னஸ் வேறு. பாரம் இருக்கும்போது எவ்வளவு தொங்கும் என்பது. இந்த இரண்டையும் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். ஒருவர் 25 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், கார்பன் குறைந்த சாதாரண இரும்பு) ரோலர் நடுவில் தொங்குகிறது என்று, விலையும் ஸ்ட்ரெங்த்தும் கூடிய இஎன்24 அலாய் ஸ்டீலில் செய்து போட்டார். இம்மி குறையவில்லை. குறையாது. எம்.எஸ்., இஎன்8, இஎன்24 எல்லாவற்றுக்கும் யங் மாடுலஸ் (பொருளின் ஸ்டிஃப்னஸைக் காட்டும் எண்) ஏறக்குறைய 200 கிகாபாஸ்கல்தான். ஹீட் ட்ரீட்மெண்டும் அதை அசைக்காது. விட்டத்தை 30 மி.மீ. ஆக்கச் சொன்னேன். விட்டத்தின் நாலாம் மடங்கில் ஸ்டிஃப்னஸ் ஏறுவதால் பழைய எம்.எஸ்.ஸிலேயே தொங்கல் பாதியானது.

இப்ப உங்க வார்ப்பிரும்பு. அதில் கார்பன் 2 முதல் 4 சதவீதம். சாதாரண கிரே காஸ்டிங்கில் அந்தக் கார்பனில் பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாக உள்ளே கிடக்கிறது. ஒவ்வொரு செதிலும் ஏற்கெனவே விழுந்த ஒரு விரிசல் மாதிரி. இழுத்தால் அந்த முனையில் கிழியும். அழுத்தினால் விரிசல் மூடிக்கொள்ளும், அதனால் இழுவிசையைவிட மூன்று நாலு மடங்கு அமுக்கத்தைத் தாங்கும். அதே செதில்கள்தான் அதிர்வையும் விழுங்குகின்றன. என் லேத்தின் பெட் வார்ப்பிரும்பில் இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். கடையும்போதும் தெரியும்: எம்.எஸ். சுருள் சுருளாக வரும், வார்ப்பிரும்பு கருப்புப் பொடியாகக் கொட்டும், கை கறுத்துவிடும். அந்தக் கறுப்பு கிராஃபைட்தான்.

ஆசிரியை_உலோகவியல்: மேலே சொன்னவர் வகுப்பில் வந்து பேசினால் நன்றாக இருக்கும். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஒரு பொருள் டஃப் ஆனதா, பிரிட்டில் ஆனதா என்பது எந்த வெப்பநிலையில் என்பதையும் பொறுத்தது. 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் ஷெனெக்டடி என்ற புது எண்ணெய்க் கப்பல், அலையில்லாத தண்ணீரில் கட்டிவைத்த இடத்திலேயே ஏறக்குறைய இரண்டாகப் பிளந்தது. வெல்டிங் செய்த இடத்தில் தொடங்கிய விரிசல், குளிரில் பிரிட்டில் ஆகிவிட்ட ஸ்டீலில் தடையில்லாமல் ஓடிவிட்டது. சாதாரண இழுவிசைச் சோதனையில் அந்தக் குறை தெரியாது. சார்ப்பி சோதனை (வெட்டு போட்ட துண்டை ஊசல் சுத்தியலால் அடித்து உடைத்து டஃப்னஸ் அளப்பது) எதற்கு என்று மாணவர்கள் கேட்கும்போது இந்தக் கப்பலைத்தான் சொல்வேன்.

மோல்டிங்_ஷிஃப்ட்: பிளாஸ்டிக் பக்கம் இருந்து கொஞ்சம். நான் இஞ்செக்‌ஷன் மோல்டிங்கில் இருக்கிறேன். 'பாலிமர்' என்று ஒரே பெட்டியில் போடாதீர்கள். பாலிபுரோப்பிலீன் வாளி உடைந்தால் அரைத்து, உருக்கி மறுபடி வார்க்கலாம். குக்கர் கைப்பிடியில் இருக்கிற பேக்கலைட்டை எவ்வளவு சூடாக்கினாலும் உருகாது, கருகும். முதலாவது தெர்மோபிளாஸ்டிக், இரண்டாவது தெர்மோசெட். ஹேண்டிலுக்கு அதைத் தேர்ந்ததே அதனால்தான்.

இன்னொன்று, நைலான் தண்ணீர் குடிக்கும். தண்ணீருக்குள் ஓடும் ஒரு ஷாஃப்ட்டுக்கு நைலான் 6-இல் புஷ் போட்டோம். மாட்டும்போது சரியாக இருந்தது. சில நாளில் ஊறிப் பருத்து, ஷாஃப்ட்டை இறுக்கிப் பிடித்துவிட்டது. டேட்டா ஷீட்டில் நீர் உறிஞ்சும் அளவு என்று ஒரு வரி இருக்கும். எல்லோரும் தாண்டிப்போகிற வரி, ஆனால் அங்கே அதுதான் முக்கியம்.

டிப்ளமோ_மெக்: எல்லோருக்கும் மிக்க நன்றி. கோவை அண்ணா, இன்று காலேஜ் ஒர்க்‌ஷாப் ஸ்கிராப் பெட்டியில் இருந்து மூன்று துண்டு எடுத்தேன். ஒன்று கடையும்போது பொடியாக வந்தது, வார்ப்பிரும்பு என்று எடுத்துக்கொண்டேன். இரண்டாவது பளபளப்பாக இருக்கிறது, காந்தம் ஒட்டவில்லை. 304 ஸ்டெயின்லெஸ் என்று முடிவு செய்யலாமா? மூன்றாவது சாதாரண இரும்பு ராடு, காந்தம் ஒட்டுகிறது. எம்.எஸ்.ஸா, கார்பன் கூடியதா என்று தெரியவில்லை.

கோவை_லேத்: முதலாவது சரி. இரண்டாவதை அவசரப்பட்டு முடிவு செய்யாதீங்க. 202 என்ற இன்னொரு ஸ்டெயின்லெஸ் ரகமும் காந்தத்தில் ஒட்டாது, பார்வைக்கும் 304 மாதிரியே இருக்கும். அதில் நிக்கல் குறைவு, மாங்கனீஸ் அதிகம், துருவும் சீக்கிரம் பிடிக்கும். அப்புறம் 304-ஐயே வளைத்து அடித்தால் வளைந்த இடத்தில் லேசாகக் காந்தம் பிடிக்கும். ஆகவே காந்தம் ஒரு துப்பு மட்டும்தான். அதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. துண்டு தூக்கினாலே லேசாக இருந்தால் அலுமினியமாகவும் இருக்கலாம். ஸ்டீலின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். அலுமினியத்தைச் சாணையில் பிடிக்காதீங்க, கல்லை அடைத்துவிடும்.

மூன்றாவதைச் சாணையில் பிடிங்க. முகத்துக்குக் கண்ணாடி கட்டாயம். கொஞ்சம் இருட்டான இடமாக இருந்தால் நல்லது. எம்.எஸ். என்றால் தீப்பொறி நீளமாக, வைக்கோல் நிறத்தில், அதிகம் கிளைக்காமல் போகும். கார்பன் ஏற ஏறப் பொறியின் நுனி மத்தாப்பு மாதிரி வெடித்துக் கிளைக்கும். பக்கத்தில் தெரிந்த எம்.எஸ். துண்டு ஒன்றையும் பிடித்து ஒப்பிட்டுப் பாருங்க, இல்லாவிட்டால் முதல் தடவை கண்ணுக்குப் பிடிபடாது. பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்க.