குளிரில் பிறந்த நாய்க்குட்டிகள்: மீதமுள்ள நான்கையும் எப்படிக் காப்பாற்றுவது?

கேள்வி: தலவாக்கலையிலிருந்து

எங்கள் நாய் நான்கு நாட்களுக்கு முன்பு, விடாமல் மழை பெய்த ஓர் இரவில், லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) ஸ்தோப்பின், அதாவது முன் திண்ணையின், மூலையில் ஆறு குட்டிகளை ஈன்றது. விடிந்து பார்த்தபோது இரண்டு குட்டிகள் தாயின் முதுகுப் பக்கமாகச் சீமெந்துத் தரையில் விறைத்துக் கிடந்தன. மீதி நான்கில் மூன்று நன்றாகப் பால் குடிக்கின்றன. எல்லாவற்றிலும் சிறியதான ஒன்று மட்டும், மடியில் கொண்டுபோய் வைத்தாலும் வாய் திறக்காமல் ஒதுங்கிவிடுகிறது; அதன் வாய்க்குள் விரலை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கிறது. பசும்பாலைச் சங்கில் ஊற்றிப் புகட்டச் சொல்கிறார் பக்கத்துக் காம்பராப் பாட்டி.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. கடந்த வருடம் இதே நாய் போட்ட ஐந்து குட்டிகளும் ஏழாவது கிழமையில், வாந்தியும் இரத்தம் கலந்து நாற்றமடிக்கும் கழிச்சலுமாக, நான்கே நாட்களில் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துப்போயின. அதற்குச் சரியாக ஒரு கிழமைக்கு முன்புதான் அவற்றுக்குத் தடுப்பூசி போட்டிருந்தோம். என் மகள் ஒரு மாதம் வரை அந்த மூலைப் பக்கமே போகவில்லை. இந்தக் குட்டிகளுக்கு இப்போதே ஊசி போடலாமா? அதே ஸ்தோப்பில் இவற்றை வைத்திருப்பது சரியா?

பதில்: அட்டனிலிருந்து

தம்பி, ஊசியைப் பற்றி யோசிக்க உங்களுக்கு இன்னும் ஐந்து கிழமைகள் இருக்கின்றன. அந்தச் சிறிய குட்டிக்கோ இன்றைய இரவுதான் இருக்கிறது. அதற்கு இப்போது பாலே கொடுக்காதீர்கள். முதல் கிழமையில் நாய்க்குட்டிக்கு உடல் நடுங்கிச் சூடுண்டாக்கும் திறன் கிடையாது. அதன் உடல் வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கினால் குடல் அசைவு ஏறக்குறைய நின்றுவிடும். அந்த நிலையில் புகட்டும் பால் செரிக்காமல் வயிற்றில் தேங்கும், அல்லது மூச்சுக்குழலுக்குள் போகும். குளிர்ந்த குட்டி பால் குடிக்காது, பால் குடிக்காத குட்டி மேலும் குளிரும். இந்தச் சுற்றை வெப்பத்தால்தான் உடைக்க வேண்டும்.

குட்டியை உங்கள் சட்டைக்குள், நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு, ஓரிரண்டு மணித்தியாலங்களில் மெதுவாகச் சூடேற்றுங்கள். அடுப்புக்கு நேரே காட்டிச் சட்டென்று சூடாக்குவது ஆபத்து. வாயின் உட்புறம் வெதுவெதுப்பாகி, குட்டி தானாகவே தலையை ஆட்டி மடியைத் தேடத் தொடங்கியதும், பால் அதிகமாகச் சுரக்கும் பின்பக்க முலைக்காம்பில் பிடித்து வையுங்கள். அப்போதும் உறிஞ்சாவிட்டால் மாத்திரம் வெளிப்பால். நாய்ப்பாலில் பசும்பாலைவிட இரு மடங்குக்கும் மேல் புரதமும் கொழுப்பும் இருக்கின்றன. வெறும் பசும்பால் வயிற்றை நிரப்பும், கழிச்சலைக் கொடுக்கும், வளர்ச்சியைக் கொடுக்காது. நாய்க்குட்டிகளுக்கென்று விற்கும் பால்மாவை வாங்கி, இரண்டு மூன்று மணித்தியாலங்களுக்கு ஒருமுறை ஊசியில்லாத சிரிஞ்சில் துளித்துளியாகக் கொடுங்கள். குட்டி குப்புறப் படுத்திருக்க வேண்டும்; கைக்குழந்தையைப் போல மல்லாக்கப் பிடித்துச் சங்கில் ஊற்றினால் பால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். பாட்டிக்கு இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

படுக்கையைப் பற்றியும் சொல்கிறேன். பழைய பலகைப் பெட்டி ஒன்றை இரண்டு செங்கற்களின் மேல் ஏற்றி வைத்து, சாக்கும் அதன்மேல் கம்பளித் துண்டும் விரியுங்கள். போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பி, துணியால் தடிப்பாகச் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கத்தில் மாத்திரம் வையுங்கள். சூடு கூடினால் குட்டிகள் மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். முதல் கிழமையில் குட்டிகள் கிடக்கும் இடம் 29 முதல் 32 பாகை வரை இருக்க வேண்டும். நம்முடைய மழை இரவுகளில் அந்தச் சூடு தானாக வராது என்பதால், நடுச்சாமத்தில் எழுந்து போத்தலை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. விறகடுப்புப் பக்கத்தில் சூடு உண்டு என்றாலும் அங்கே வைக்காதீர்கள், புகை அவற்றின் நெஞ்சைக் கெடுக்கும்.

பதில்: பண்டாரவளையிலிருந்து

கால்நடை அலுவலகத்தில் பணிசெய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் நோயைப் பற்றி எழுதுகிறேன். நீங்கள் விவரிக்கும் அறிகுறிகள் பெரும்பாலும் நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸைத்தான் காட்டுகின்றன. உடலுக்குள் புகுந்து 3 முதல் 7 நாட்களுக்குள் நோய் வெளிப்படுவதால், நீங்கள் ஊசி போட்ட வேளையில் குட்டிகள் அதை ஏற்கெனவே வாங்கியிருக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பால் வழியாகத் தாயின் எதிர்ப்பு சக்தி குட்டிக்கு வருகிறது. அதே சக்தி, தடுப்பூசியில் உள்ள வலுவிழந்த வைரஸையும் வேலைசெய்ய விடாமல் அழித்துவிடுகிறது. அது தேய்ந்து முடியும் காலம் குட்டிக்குக் குட்டி வேறுபடும். இடையில், அந்தச் சக்தி நோயைத் தடுக்கப் போதாமலும் ஊசியைக் கெடுக்கப் போதுமானதாகவும் இருக்கும் ஓர் இடைவெளி வரும். ஆகவே ஒரே ஊசியோடு நிறுத்தக் கூடாது. 6ஆம் கிழமை முடிவில் தொடங்கி, 3 கிழமைகளுக்கு ஒருமுறையாக, குட்டிக்கு 16 கிழமைகள் நிறையும்வரை தொடர வேண்டும். நான்கு நாள் குட்டிக்கு இப்போது போடுவதால் பயனில்லை, தீங்கும் நேரலாம்.

ஸ்தோப்பில் வைக்க வேண்டாம். பார்வோ வைரஸ் நிழலும் ஈரமும் குளிர்ச்சியும் உள்ள மண்ணில் ஒரு வருடத்துக்கும் மேல் உயிரோடிருக்கும். நம் மலைகளில் அந்த மூன்றுக்கும் குறைவில்லை. சவர்க்காரத்துக்கு அது சாகாது. குட்டிகளை உள்ளே மாற்றிய பிறகு, சீமெந்துத் தரையை முதலில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, துணி வெளுக்கும் குளோரின் திரவம் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, 10 நிமிடங்கள் ஊறவிட்டுக் கழுவுங்கள். அழுக்கின் மேல் ஊற்றினால் குளோரின் வீணாகிவிடும், மண்ணிலும் அது வேலைசெய்யாது. போன வருடம் குட்டிகள் விளையாடிய முற்றத்தில் இவற்றை ஊசிகள் முடியும்வரை இறக்காதீர்கள். தோட்டத்துப் பாதையில் நடந்த செருப்பையும் காம்பரா வாசலிலேயே கழற்றிவிடுங்கள். இந்த வைரஸ் நம் காலோடுதான் வீட்டுக்குள் வருகிறது.

பூச்சி மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம். தாயின் தசைகளில் உறங்கும் உருண்டைப் புழுவின் நுண்புழுக்கள் கர்ப்ப காலத்தில் விழித்து, குட்டிகள் பிறப்பதற்கு முன்பே அவற்றுக்குள் போய்விடுகின்றன. 2, 4, 6, 8ஆம் கிழமைகளில் மிருக வைத்தியர் நிறைக்கேற்பக் குறித்துத் தரும் அளவில் கொடுங்கள். தாய்க்கும் கூடவே கொடுங்கள். உங்கள் மகளுக்காகவும் இதைச் சொல்கிறேன். மண்ணில் விழும் முட்டைகள் தொற்றக்கூடிய நிலைக்கு வர இரண்டு கிழமைகளாவது எடுப்பதால், எச்சத்தை அன்றன்றே அள்ளிப் புதைத்தால் ஆபத்து பெரிதும் குறையும். பிள்ளைகளின் வயிற்றுக்குள் போன புழு, சில வேளை கண்ணையும் பாதிக்கும்.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா, அண்ணே. இரவு முழுவதும் நானும் மகளும் மாறி மாறிச் சட்டைக்குள் வைத்திருந்தோம். விடியற்காலை நான்கு மணிபோல் முனகத் தொடங்கியது. இப்போது தாயிடமே குடிக்கிறது. எல்லாவற்றையும் உள்ளே மாற்றிவிட்டோம். ஆனால் குட்டிகளின் வயிற்றில் தெள்ளுப்பூச்சி நிறைய ஓடுகிறது. மாட்டுக்கு உண்ணி போகத் தெளிக்கும் மருந்து வீட்டில் இருக்கிறது. அதைக் கொஞ்சமாகக் கலந்து பூசலாமா?

பதில்: நானுஓயாவிலிருந்து

தயவுசெய்து பூசாதீர்கள். அப்படிப் பூசித்தான் நான் இரண்டு குட்டிகளை ஒரே மாலையில் இழந்தேன். கடையில் கொடுத்தவரும் கொஞ்சம் பூசினால் ஒன்றும் செய்யாது என்றுதான் சொன்னார். மாட்டு மருந்து குட்டியின் மெல்லிய தோல் வழியாக உள்ளே இறங்கும், தாய் நக்கும்போது அதன் வயிற்றுக்கும் போகும். அதற்காகத் தெள்ளை விட்டுவைக்கவும் முடியாது, இரத்தம் குறைந்தே சிறிய குட்டி செத்துவிடும். பேன் சீப்பால் வாரி, விழுவதைச் சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். சாக்கையும் கம்பளியையும் கொதிநீரில் போட்டு, இரண்டு நாட்களுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பாலூட்டும் தாய்க்குப் பொருத்தமான தெள்ளு மருந்தை மிருக வைத்தியரிடமே கேட்டு வாங்குங்கள். குட்டிகளைக் குளிப்பாட்ட வேண்டாம், குளிர் மீண்டும் பிடித்துவிடும்.

பதில்: பண்டாரவளையிலிருந்து

நல்ல செய்தி. சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதிவையுங்கள். 300 கிராம் குட்டி நாளுக்கு 15 முதல் 30 கிராம் ஏற வேண்டும். ஒரு நாள் ஏறாவிட்டால் அன்றே பாருங்கள், குட்டி சோர்ந்து விழும்வரை காத்திருக்காதீர்கள். இரண்டு மூன்று கிழமைகள் போன பிறகு தாய் மூச்சிரைத்து, கால்கள் விறைத்து நடுங்கினால் அது கல்சியம் குறைவு. குட்டிகளைப் பிரித்துவிட்டு உடனே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். விசர்நாய்த் தடுப்பூசி 12ஆம் கிழமையில் போட வேண்டும். அரசின் இலவச ஊசி முகாம் உங்கள் தோட்டத்துக்கு அதற்கு முன்பே வந்தால் குட்டிகளை மறைத்து வைக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். 12 கிழமைகள் நிறைந்த பின் மறுபடியும் ஒருமுறை போடுங்கள். அங்கே மற்ற நாய்களும் வரும் என்பதால் குட்டிகளைத் தரையில் விடாமல், பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய் வாருங்கள்.